பேச்சு தாமதமான பிள்ளைக்கு அடுத்தவர் மனசு புரிவதும் தாமதமாகுமா?

குழித்துறைக்காரி:

மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு மூன்று வயது நாலு மாதம். பேச்சு கொஞ்சம் லேட்டாகத்தான் வந்தது, இரண்டு வயது தாண்டித்தான் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசினான், இப்போது நாலைந்து சொல் வரும் வாக்கியம் வருகிறது. ஆனால் கேட்கிறவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்ற கணக்கே அவனிடம் இல்லை. அவன் அப்பா மஸ்கட்டில். படம் தெரியாத சாதா போன் அழைப்பில் அவர் "சாப்பிட்டியா மக்களே" என்று கேட்டால் இவன் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டுவான், அங்கே அவர் லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருப்பார். அங்கன்வாடியிலிருந்து வந்ததும் "அவன் தள்ளிட்டான்" என்பான். யாரு மக்களே என்று கேட்டால் "அவன்தான்" என்று என்னை முறைப்பான், நானும் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி.

என் மைனியின் மகள் இவனைவிட ஏழெட்டு மாதம் மூத்தவள். அவள் மட்டிப்பழத்தைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு "பூனை கொண்டு போச்சு" என்று பாட்டாவிடம் சாதிக்கிறாள். எல்லாரும் அவளைக் கண்டிக்கிறார்கள், எனக்கோ பொறாமையாக இருக்கிறது. சிரிக்காதீர்கள். இவன் கண்டுபிடி விளையாட்டில் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு "நான் இங்க இருக்கேன்" என்று அவனே சொல்லிவிடுவான்.

மாமியார் வீட்டில் மலையாளம், எங்கள் வீட்டில் தமிழ். சொந்தத்தில் ஒருவர், இரண்டு மொழி காதில் விழுவதால்தான் பிள்ளைக்கு எல்லாம் பிந்துகிறது, ஒன்றை நிறுத்து என்கிறார். என் கேள்வி இதுதான். பேச்சு வளர்ந்தால்தான் அடுத்தவர் மனசில் இருப்பது புரியுமா, இல்லை அது புரிந்தால்தான் பேச்சு வளருமா? நான் எதைப் பிடித்து வேலை செய்வது?

தக்கலை பேச்சுப்பயிற்சி:

அக்கா, முதலில் வயதைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் எல்லாமே மூன்று வயதுக்காரர்கள் செய்வதுதான். 1983இல் விம்மர், பெர்னர் என்ற இரண்டு பேர் ஆஸ்திரியாவில் ஒரு கதையை வைத்துச் சோதித்தார்கள். மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான், அவன் இல்லாத நேரம் அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள், திரும்பி வந்த மாக்ஸி எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் சாக்லேட் இப்போது உண்மையில் இருக்கும் இடத்தையே காட்டினார்கள். தனக்குத் தெரிந்தது மாக்ஸிக்குத் தெரிய வழியில்லை என்பது அவர்களுக்கு எட்டவில்லை. அதன்பிறகு இந்த மாதிரிச் சோதனைகள் ஏகப்பட்டது வந்துவிட்டன, 2001இல் வெல்மன் குழு 178 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சுமார் 44 மாதத்தில், அதாவது மூன்று வயது எட்டு மாதத்தில்தான், சரியான பதில் பாதிக்குப் பாதி வந்தது. உங்கள் பையனுக்கு நாற்பது மாதம். மைனியின் மகள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டாள், இவன் இன்னும் தாண்டவில்லை, அவ்வளவுதான். அது வெளிநாட்டுப் பிள்ளைகள் கணக்கு என்று யாராவது சொன்னால், 2005இல் கனடா, இந்தியா, பெரு, சமோவா, தாய்லாந்து என்று ஐந்து நாடுகளில் செய்த ஆய்விலும் மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள்தான் இந்த மாற்றம் தெரிந்தது.

இனி உங்கள் உண்மையான கேள்வி. மொழி முந்தியா, மனசு முந்தியா? இரண்டு திசையிலும் போகிறது, ஆனால் சமமாக இல்லை. 2007இல் மில்லிகன், ஆஸ்டிங்டன், டாக் ஆகியோர் 104 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 9000 பிள்ளைகளின் விவரத்தை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். சின்ன வயதில் மொழி நன்றாக இருந்த பிள்ளை பின்னால் மாக்ஸி மாதிரிக் கேள்விகளில் நன்றாகச் செய்வது தெரிந்தது. சின்ன வயதில் மாக்ஸி கேள்வியில் தேறியதை வைத்துப் பின்னாளைய மொழியைச் சொல்லவும் கொஞ்சம் முடிகிறது, ஆனால் முதல் திசைதான் வலுவானது. அதே நேரம் மொழிக்கு அடியில் வேறொன்று இருக்கிறது. ஒரு வயதில் விரலை நீட்டி எதையாவது காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் பிள்ளை, நீங்களும் அதைப் பார்க்கிறீர்களா என்று சரிபார்க்கிறது. நீங்கள் "காக்கா" என்று சொல்லும்போது உங்கள் கண் எங்கே போகிறது என்று பார்த்துத்தான் அந்தச் சொல் எதற்கு என்று பிடித்துக்கொள்கிறது. ஆக மனசைப் பற்றிய ஒரு சிறிய கவனிப்பு இல்லாமல் சொல் ஏறாது, சொல்லும் பேச்சும் இல்லாமல் "அவன் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறான்" என்ற பெரிய புரிதல் வராது.

எதைப் பிடிப்பது என்றால், பேச்சைப் பிடியுங்கள், அதிலும் ஒருவகைப் பேச்சை. 2003இல் லோமன், டொமசெல்லோ இருவரும் ஜெர்மனியில் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் ஏமாற்றும் பொருட்களைக் கொடுத்தார்கள், பார்க்கப் பூ மாதிரி இருக்கும், எடுத்தால் பேனா. சில பிள்ளைகளிடம் "முதலில் என்னன்னு நினைச்சே, இப்போ என்ன" என்று பேசிப் பேசிக் காட்டினார்கள், வேறு சிலருக்குப் பேச்சே இல்லாமல் பொருளை மட்டும் காட்டினார்கள். பேச்சோடு பார்த்த பிள்ளைகள் முன்னேறினார்கள், பேச்சில்லாமல் பொருளை மட்டும் பார்த்தவர்கள் முன்னேறவில்லை. வீட்டிலும் இப்படித்தான். அம்மாமார் படத்தைக் காட்டிப் பேசும்போது நினைக்கிறான், தெரியாது, ஆசைப்படுகிறான் என்று எவ்வளவு பேசுகிறார்கள் என்பதை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்த ரஃப்மன் குழு 2002இல் எழுதியது, அம்மாவின் பேச்சு பிள்ளையின் பின்னாளைய புரிதலை முன்கூட்டிச் சொன்னது, பிள்ளையின் புரிதல் அம்மாவின் பேச்சை அப்படிச் சொல்லவில்லை.

கோட்டாறு நைட் ஷிப்ட்:

அண்ணாச்சி சொல்வது சரி, ஆனால் இந்தச் சோதனைகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். கேள்வி கேட்கிற விதத்திலேயே பாதி இருக்கிறது. "மாக்ஸி எங்கே தேடுவான்" என்பதை ஒரு சின்னப் பிள்ளை "மாக்ஸி எங்கே தேடினால் கிடைக்கும்" என்று எடுத்துக்கொண்டால் அதன் பதில் நியாயமானதுதான். 1991இல் சீகல், பீட்டி இருவரும் "முதலில் எங்கே தேடுவான்" என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்துக் கேட்டபோது மூன்று வயதுக்காரர்கள் நிறையப் பேர் சரியாகச் சொன்னார்கள். பிள்ளைக்கு மனசு புரியவில்லையா, நம் கேள்வி புரியவில்லையா?

அப்புறம் 2005இல் ஒனிஷி, பயார்ஜன் இருவரும் பதினைந்து மாதக் கைக்குழந்தைகளுக்கு ஒரு சின்ன நாடகம் காட்டினார்கள். பச்சைப் பெட்டி, மஞ்சள் பெட்டி, ஒரு பொம்மைத் தர்ப்பூசணித் துண்டு. அது இடம் மாறியது தெரியாத பெண், மாறிய இடத்தில் சரியாகக் கையை விட்டால் குழந்தைகள் அதிக நேரம் உற்றுப் பார்த்தன, இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிற மாதிரி. பேச்சு சரியாக வராத வயதில் இது. பின்னால் பலர் இந்த வகைச் சோதனைகளைத் திரும்பச் செய்தபோது ஒரே முடிவு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதனால் இதை வைத்துக் கொடி பிடிக்கவில்லை. ஆனால் மொழிதான் எல்லாம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

எங்கள் வீட்டில் துபாயிலிருந்து வந்த நீல பிஸ்கட் டின் உண்டு, எல்லார் வீட்டிலும் இருக்குமே, உள்ளே ஊசியும் நூலும். என் தங்கச்சி மகனிடம் (மூன்றரை வயது) உள்ளே என்ன என்று கேட்டேன், பிஸ்கட் என்றான். திறந்து காட்டிவிட்டு மூடி, "திறக்குறதுக்கு முன்னாடி என்னன்னு நினைச்சே" என்றால் கொஞ்சமும் கூசாமல் "நூல்" என்கிறான்! இதையும் 1988இல் காப்னிக், ஆஸ்டிங்டன் இதே போலச் செய்து பார்த்திருக்கிறார்கள், அங்கே மிட்டாய் டப்பாவுக்குள் பென்சில். அடுத்தவர் மனசை விடுங்கள், ஒரு நிமிடம் முன்னால் தன் மனசில் இருந்ததே அந்த வயதில் கைக்கு வருவதில்லை.

முட்டம் அப்பா:

என் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, இப்போது கேட்க உதவும் காக்ளியர் கருவி வைத்திருக்கிறோம். அதனால் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன், மேலே எழுதிய இருவரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்.

மொழியா மற்றதா என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால் காது கேளாத பிள்ளைகளைப் பாருங்கள். மூளையில் குறை இல்லை, பாசத்துக்குக் குறை இல்லை, மொழி மட்டும் பிந்திக் கிடைக்கிறது. பீட்டர்சன், சீகல் இருவரும் ஆஸ்திரேலியாவில் 1995இல் எட்டு முதல் பதிமூன்று வயது வரையான பிள்ளைகளைப் பார்த்தார்கள், சைகை மொழி தெரிந்த பிள்ளைகள்தான், ஆனாலும் பாதிக்கு மேல், மாக்ஸி கதை மாதிரியே பொம்மைகளை வைத்துக் காட்டிய ஒரு கதையில் தவறினார்கள். மற்ற பிள்ளைகள் நாலரை வயதில் சொல்லிவிடும் பதில்! ஆனால் அப்பா அம்மாவும் காது கேளாதவர்களாக இருந்து, பிறந்ததிலிருந்தே சைகையிலேயே பேசி வளர்ந்த பிள்ளைகளைத் தனியாகப் பார்த்தால் (ஷிக், டி வில்லியர்ஸ் குழு, 2007) கேட்கும் பிள்ளைகளோடு சமமாக நிற்கிறார்கள். ஆகக் காது பிரச்சினை இல்லை. வீட்டில் எல்லாரும் சரளமாகப் பேசும் ஒரு மொழி பிள்ளைக்கும் கிடைத்ததா என்பதுதான் விஷயம்.

இன்னும் ஆச்சரியம் நிகராகுவாவில். அங்கே 1970களின் கடைசியில் காது கேளாதோருக்குப் பள்ளி தொடங்கியபோது பிள்ளைகள் தாங்களாகவே ஒரு சைகை மொழியை உண்டாக்கினார்கள். முதலில் வந்தவர்களின் மொழியில் "நினைக்கிறான்", "தெரியும்" என்பதற்கெல்லாம் சைகை மிகக் குறைவு, பின்னால் வந்த சின்னவர்கள் அதை வளர்த்தார்கள். பையர்ஸ், செங்காஸ் இருவரும் சோதித்தபோது (2009இல் வெளிவந்தது) வயதில் மூத்தவர்கள், வளர்ந்த ஆட்கள், வேலைக்குப் போகிறவர்கள், இளையவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் அந்த மூத்தவர்களும், இளையவர்களோடு பழகி அந்தச் சைகைகளைக் கற்ற பிறகு, முன்னேறியிருந்தார்கள். பெரியவர் ஆன பிறகும்!

கேட்காத பிள்ளை இருக்கும் பல வீடுகளில் பேச்சு "வா, சாப்பிடு, தொடாதே, தூங்கு" என்பதோடு நின்றுவிடுகிறது, கண்ணில் தெரியும் விஷயம் மட்டும்தான். பாட்டா ஏன் இன்று யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார், மாமா கடலுக்குப் போகாததற்கு என்ன காரணம், சித்தி ஏன் பொய்யாகச் சிரித்தாள், இதெல்லாம் மற்ற பிள்ளைகளுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை, திண்ணையில் பெரியவர்கள் பேசுவது தானாகக் காதில் விழுகிறது. என் மகளுக்கு அதை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குழித்துறை அக்கா, உங்கள் பையனுக்கு அந்தத் திண்ணைப் பேச்சு நன்றாகவே கேட்கிறது, அதை எடுத்துவிடாதீர்கள்.

களியக்காவிளை பார்டர்:

மலையாளத்தை நிறுத்து என்று சொன்னவரை முதலில் நிறுத்துங்கள். இரண்டு மொழியால் பிள்ளை ஊமையாகிவிடும் என்றால் விளவங்கோடு தாலுகாவில் பாதிப் பேர் வாயைத் திறந்திருக்கவே கூடாது. இரண்டு மொழி கேட்டு வளர்வது பேச்சைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, ஒவ்வொரு மொழியிலும் சொல் கொஞ்சம் குறைவாகத் தெரியலாம், இரண்டையும் கூட்டிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். டாக்டரிடம் போனாலும் இரண்டு மொழிச் சொல்லையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட விஷயத்திலேயே கூட இது அனுகூலம். ருமேனிய மொழியும் ஹங்கேரிய மொழியும் சேர்ந்து பேசும் மூன்று வயதுப் பிள்ளைகள், ஒரு மொழிப் பிள்ளைகளைவிட இந்தச் சோதனையில் நன்றாகச் செய்ததை கோவாக்ஸ் 2009இல் எழுதினார். காரணம் என்ன என்பதில் சண்டை உண்டு, எனக்குத் தோன்றுவது எளிது. உங்கள் மகன் மாமியாரிடம் "வெள்ளம்" கேட்டுவிட்டு உங்களிடம் "தண்ணி" கேட்கிறானா? அப்படியானால் யாருக்கு எது புரியும் என்ற கணக்கு அவனிடம் ஏற்கெனவே ஓடுகிறது. கணக்கே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.

நாகர்கோவில் மொழியியல்:

ஒரு சின்னச் சேர்க்கை. பிள்ளைகளின் மொழியை ஆராயும் ஜில் டி வில்லியர்ஸின் வாதம் இங்கே வர வேண்டும். சொல்வளத்தைவிட ஒரு குறிப்பிட்ட வாக்கிய அமைப்புதான் முக்கியம் என்கிறார். "டப்பாவில் பிஸ்கட் இருக்குன்னு பாட்டி நினைச்சா" என்ற வாக்கியத்தில், டப்பாவில் பிஸ்கட் இருக்கு என்பது பொய், முழு வாக்கியமோ உண்மை. ஒரு பொய்யை ஓர் உண்மைக்குள் வைக்க மொழி இடம் தருகிறது, அதைப் பிடித்த பிள்ளைக்குத் தப்பான நினைப்பைப் பற்றி யோசிக்க ஒரு கருவி கிடைக்கிறது என்பது அவர் கருத்து. தமிழில் இந்தப் பாலம் "என்று", பேச்சில் வெறும் "ன்னு". எனக்குத் தெரிந்தவரை நம் பிள்ளைகள் "அம்மா வாரேன்னு சொன்னா", "வேண்டாம்னு சொன்னா" என்று மற்றவர் சொன்னதைத்தான் முதலில் இப்படிச் சொல்லிப் பழகுகிறார்கள், சொன்னது காதால் கேட்டது, சரிபார்க்க முடியும். நினைத்ததைச் சரிபார்க்க முடியாது.

ஆனால் இதற்கு மறுப்பும் பலமானது. ஜெர்மன் மொழியில் ஆசைப்படுவதற்கும் நினைப்பதற்கும் ஒரே வாக்கிய அமைப்பு வருகிறது, இருந்தாலும் ஜெர்மன் பிள்ளைகளுக்கு ஆசை முதலில் புரிகிறது, நினைப்பு பின்னால்தான். இலக்கணம் மட்டும் போதும் என்றால் இரண்டும் ஒன்றாக வந்திருக்க வேண்டும். பெர்னர் குழு 2003இல் இதைக் காட்டியது. முட்டம் அப்பா சொன்ன திண்ணைப் பேச்சுதான் எனக்கும் அதிகம் சரியாகப் படுகிறது, இலக்கணம் அதற்குள் ஒரு பகுதி.

குழித்துறைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. களியக்காவிளைக்காரர் சொன்ன பிறகுதான் கவனித்தேன், அம்மச்சியிடம் (என் மாமியார்) "வேண்டா", என்னிடம் "வேண்டாம்", ஒருமுறை கூட மாறவில்லை. மலையாளத்தை நிறுத்தப்போவதில்லை, சொந்தக்காரரிடம் யார் சொல்வது என்பதுதான் இப்போது பிரச்சினை.

இரண்டு சந்தேகம். கூட்டுக்குடும்பம் என்பதால் வீட்டில் எப்போதும் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம், அது நல்லதா, இல்லை சத்தத்தில் அவன் தொலைந்துபோகிறானா? அப்புறம், இது வெறும் தாமதம்தான், வேறெதுவும் இல்லை என்று எப்போது நிம்மதியாவது?

கோட்டாறு நைட் ஷிப்ட்:

கூட்டம் நல்லதுதான். கூடப்பிறந்தவர்கள் உள்ள பிள்ளைகள் முந்திப் புரிந்துகொள்கிறார்கள் என்று 1994இல் பெர்னர் குழு எழுதியது. 1996இல் கிரீட், சைப்ரஸ் தீவுகளில், நம்மூர் மாதிரியே பெரிய குடும்பங்கள், அங்கே பார்த்தபோது அண்ணன் அக்கா மட்டுமல்ல, தினமும் பழகும் மூத்த சொந்தங்களும் கணக்கில் வந்தார்கள். மைனி மகளோடு சண்டை போட விடுங்கள். ஆனால் வீட்டில் பிஸ்கட் டின் பரீட்சை வைத்து மார்க் போடாதீர்கள், நான் தங்கச்சி மகனிடம் வைத்ததற்கு என் தங்கச்சி என்னைத் திட்டியதுதான் மிச்சம்.

தக்கலை பேச்சுப்பயிற்சி:

அக்கா, தனியாக உட்கார்ந்து பயிற்சி கொடுக்க வேண்டாம், நடப்பதைச் சொல்லிக்கொண்டே இருங்கள். "பாட்டா கண்ணாடி மேசையில இருக்குன்னு தேடுறாரு, நாம தலையணைக்கடியில வச்சது அவருக்குத் தெரியாது" என்று சொல்லுங்கள். "அவன் தள்ளிட்டான்" என்று வந்தால் "நான் அங்க இல்லையே மக்களே, எனக்குத் தெரியாது, யாருன்னு சொல்லு" என்று கேளுங்கள். நீங்களே ஊகித்துப் பெயரைச் சொல்லிவிட்டால் உங்களுக்கும் தெரியும் என்பது உறுதியாகிவிடும். கதை சொல்லும்போது நரிக்கு என்ன தெரியும், காக்காவுக்கு என்ன தெரியாது என்று நிறுத்திக் கேளுங்கள், பதில் தப்பாக வந்தாலும் திருத்தாமல் மேலே போங்கள்.

கவலைப்பட வேண்டிய இடங்கள் வேறு. ஒரு வயதில் மழலையும் விரல் நீட்டிக் காட்டுவதும் இல்லாமல் இருப்பது, பதினாறு மாதத்தில் ஒரு சொல் கூட இல்லாதது, இரண்டு வயதில் சொந்தமாக இரண்டு சொல் சேராதது, எந்த வயதிலும் வந்த பேச்சு போய்விடுவது. உங்கள் பையன் ஒளிந்துகொண்டு கூப்பிடுகிறான், அங்கன்வாடிச் செய்தியைக் கொண்டுவந்து உங்களிடம் சொல்கிறான், அது நல்ல அடையாளம். இரண்டு வயது தாண்டித்தான் சொல் சேர்ந்தது என்பதால் மட்டும் ஒருமுறை காட்டிவிடச் சொல்கிறேன். பிள்ளைகளின் உடல்நலத்தைச் சோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தில் அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னாலே மேல்சிகிச்சை மையத்துக்கு எழுதித் தருவார்கள், காசு கிடையாது.

போனால் முதலில் காதுச் சோதனை கேளுங்கள். குறை இருப்பதாகத் தெரியவில்லை என்று எல்லா அம்மாமாரும் சொல்வார்கள், ஆனால் சளி அடிக்கடி பிடிக்கும் பிள்ளைக்கு நடுக்காதில் நீர் கட்டி, ஒரு வாரம் நன்றாகக் கேட்டு மறுவாரம் மந்தமாகிவிடும், கூப்பிட்டால் திரும்புவான், மெல்லப் பேசுவது மட்டும் தப்பிப்போகும். நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு, சளிக்குக் கேட்க வேண்டுமா. டிம்பனோமெட்ரி என்று ஒரு சோதனை, காதில் சின்ன முனையை வைத்துக் காற்றழுத்தம் பார்ப்பார்கள், வலிக்காது, சில நிமிடம்தான்.